மானம் போனது யாருக்கு?

ஜூலை மாதத்து ஜும்ஆ ஒன்றில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பொஸ்னியா முஸ்லிம்கள் பட்ட துன்பத்தைப் பற்றிப் பயான் செய்தேன். ஸ்ரெப்ரெனிட்சா என்னும் மலையூர் 1995ஆம் ஆண்டு எதிரிகளின் கையில் வீழ்ந்த நாள் ஜூலை 11. அதையடுத்த சில தினங்களுக்குள் 8,000க்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொன்று புதைக்கப்பட்டார்கள். அந்த ஷஹீதுகளை நினைவுகூர்ந்து பேசி வருகையில், பேச்சின் வேகத்தில், "நம் சகோதரிகள் எத்தனையோ பேர் அங்கே மானத்தை இழந்தார்கள்" என்று சொல்லிவிட்டேன். சபையில் பெருமூச்சுகள் எழுந்தன. பயான் நன்றாக அமைந்தது என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி என்னை நிறுத்தினார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பள்ளியின் ஒலிபெருக்கி அவர் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"ஆலிம்சா, கொஞ்சம் நில்லுங்க வாப்பா. மைக்குல கேட்டேன். அந்தப் பொம்பளப் புள்ளைக மானத்த எழந்துட்டாகண்டு சொன்னீங்க. பாவம் செஞ்சவன் ஒருத்தன், மானம் போறது இன்னொருத்திக்கா? கிதாபுல அப்படித்தான் போட்டிருக்கா?"

"அது பேச்சு வழக்கு, உம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது பதிலாகாது என்பது பத்தடி நடப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஃபிக்ஹு ஓதிய ஒருவன், எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் கேள்விக்கு முன்னால் பேச்சு வழக்கின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது நான் கண்டதையும், உலக நடப்பிலே இக்கேள்வி எவ்வளவு தூரம் வேர்விட்டிருக்கிறது என்பதையும் வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், நடந்தது என்ன என்பதை அறிந்துகொள்வோம். பொஸ்னியாவின் கிழக்கே திரினா நதிக்கரையில் ஃபோச்சா என்றொரு ஊர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியர் ஆட்சியில் எழுப்பப்பட்ட அலாஜா பள்ளிவாசலால் அது புகழ் பெற்றது. 1992 ஏப்ரலில் செர்பியப் படையினர் அவ்வூரைக் கைப்பற்றினார்கள். ஆண்களைச் சிறையில் அடைத்தார்கள். பெண்களையும் சிறுமிகளையும் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு அரங்கிலும் அடைத்துவைத்து, இரவுதோறும் வந்து தாம் விரும்பியவர்களை அழைத்துச் சென்றார்கள். சிலரைத் தனி வீடுகளில் மாதக்கணக்கில் அடிமைகளாக வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை 200 ஜெர்மன் மார்க்குக்கு விற்றார்கள். பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அவளைப் பெற்ற தாய் வந்தார். மகள் வரவில்லை. அலாஜா பள்ளிவாசலையும் அதே ஆண்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். கற்களை அடுக்கி அதை மீண்டும் எழுப்ப 2019 மே மாதம் வரை ஆயிற்று.

இதை விரிவாக எழுதுவது நம் வீடுகளில் படிக்கப்படும் பத்திரிகைக்குத் தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். சூரத்துந் நூரை நம் பெண்மக்களும் ஓதுகிறார்கள். அல்லாஹு தஆலா மறைக்காமல் பேசிய ஒன்றை நாம் மறைத்துப் பேசுவது பேணுதலாகாது.

இப்போது மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். தமிழில் இக்குற்றத்துக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த சொல் 'கற்பழிப்பு' என்பது. சற்றே நிதானித்து இச்சொல்லைப் பாருங்கள். குற்றம் செய்தவனைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அவளுடைய கற்பு அழிந்துபோயிற்று என்ற தீர்ப்பு மாத்திரம் இருக்கிறது! விசாரணைக்கு முன்பே சொல்லிலேயே தண்டனை எழுதியாகிவிட்டது. இக்காலத்தில் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறார்கள். அது எவ்வளவோ மேல். அரபு மொழியில் இதற்குரிய சொல் 'இக்திஸாப்'. 'கஸ்ப்' என்னும் வேரிலிருந்து வந்தது. பிறருடைய பொருளை வலுவந்தமாகப் பறித்துக்கொள்வதற்கு ஃபிக்ஹு நூல்களில் கஸ்ப் என்று பெயர். என் நிலத்தை ஒருவன் கஸ்ப் செய்தால் கெட்ட பெயர் அவனுக்கே ஒழிய எனக்கு இல்லை. நிலமும் என்னுடையதாகவே இருக்கும். அந்தச் சொல் விரலை அபகரித்தவனை நோக்கி நீட்டுகிறது. நம் சொல்லோ அபகரிக்கப்பட்டவளை நோக்கி நீட்டுகிறது.

நாம் மட்டும் இப்படிப் பேசினோம் என்றும் நினைக்க வேண்டாம். நாகரிகத்தில் முதிர்ந்ததாகச் சொல்லிக்கொண்ட நாடுகள் 1907இல் ஹேக் நகரில் கூடி யுத்த விதிகள் எழுதியபோது, 'குடும்ப மானம்' காக்கப்பட வேண்டும் என்றே எழுதின. 1949இல் ஜெனீவாவில் வகுத்த நான்காவது ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவும் இக்கொடுமையைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதல் என்ற வகையில்தான் சேர்த்தது. அவள் உடல் வதைக்கப்பட்டது, உள்ளம் நொறுங்கியது என்பதெல்லாம் பின்னுக்குப் போய், குடும்பத்துக்கு வந்த இழுக்கே முன்னால் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க்கில் நடந்த பெரும் விசாரணையிலோ இதற்கென ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? இக்ராஹ், அதாவது வலுக்கட்டாயம், என்னும் பாடம் ஷரீஅத்தில் மிகப் பெரிய பாடம். அதன் தலைவாயிலில் நிற்பவர் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள். மக்கத்துக் குறைஷிகள் அவரை வதைத்து, குஃப்ரான சொல்லை அவர் வாயால் சொல்லவைத்தார்கள். அழுதுகொண்டே நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். உள்ளம் எப்படி இருந்தது என்று நபியவர்கள் வினவ, ஈமானில் அமைதியாக இருந்தது என்றார். அது போதும் என்றாகிவிட்டது. சூரத்துந் நஹ்லின் 106ஆம் வசனம் இத்தகையோருக்கு விலக்களிக்கிறது. தௌஹீதைவிட மேலான அமானிதம் ஒரு முஸ்லிமுக்கு வேறு ஏது? நிர்ப்பந்தத்தில் சொன்ன சொல்லால் ஈமானே போகவில்லை என்றால், நிர்ப்பந்தத்தில் நேர்ந்த கொடுமையால் மானம் எப்படிப் போகும்?

இது என் ஊகம் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி, இதே விஷயத்தில் நேரடியான ஆதாரமும் இருக்கிறது. மதீனத்து முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை தன் அடிமைப் பெண்களைப் பணத்துக்காகத் தீயவழியில் கட்டாயப்படுத்தி வந்தான். அதைத் தடுத்து இறங்கியது சூரத்துந் நூரின் 33ஆம் வசனம். கட்டாயப்படுத்தப்பட்ட பின் அல்லாஹ் மன்னிப்போனாக, அன்புடையோனாக இருக்கிறான் என்னும் கருத்தோடு அது முடிகிறது. அந்த மன்னிப்பு அப்பெண்களுக்குரியது, பாவம் கட்டாயப்படுத்தியவனைச் சேரும் என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கியிருக்கிறார்கள். சமூகத்தின் அடித்தட்டில் கிடந்த அடிமைப் பெண்ணுக்காக அர்ஷின் அதிபதி பரிந்து பேசியிருக்க, சுதந்திரமான பெண்களைப் பற்றி நாம் பேசிய பேச்சு எத்தகையது!

அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு பெண்மணி தொழுகைக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியில் ஒருவன் அவரை வன்முறைக்கு ஆளாக்கிவிட்டு ஓடினான். அவர் கூக்குரலிட்டார், மக்கள் கூடினார்கள், வழக்கு நபியவர்களிடம் வந்தது. அப்பெண்ணை நோக்கி, நீ போகலாம், அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்னும் கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். ஏன் வெளியே வந்தாய், ஏன் அந்த நேரத்தில் வந்தாய் என்ற விசாரணை அந்த அறிவிப்பில் இல்லை. அந்த வினாக்களெல்லாம் பிற்காலத்தில் நாமாகச் சேர்த்துக்கொண்டவை.

உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் பாலைவனத்தில் தாகத்தால் தவித்த ஒரு பெண், தண்ணீர் வைத்திருந்த இடையன் ஒருவனின் கொடிய நிபந்தனைக்கு ஆளானாள். இங்கே கயிறும் கத்தியும் இல்லை. ஆயினும் அவள் நிர்ப்பந்தத்துக்குள்ளானவள், அவளை விட்டுவிட வேண்டும் என்று அலீ (ரலி) அவர்கள் ஆலோசனை கூற, உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே செய்தார்கள் என்று பைஹகீயில் வருகிறது. கத்தி கழுத்தில் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை. தப்பிக்க வழியற்ற சூழ்நிலையே கட்டாயம்தான்.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் கடந்த பின் இதே இடத்துக்கு உலக நீதிமன்றம் வந்து சேர்ந்ததைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரிக்க 1993இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஹேக் நகரில் ஒரு நீதிமன்றத்தை நிறுவியது. ஃபோச்சா வழக்கில் சாட்சி சொல்ல வந்த பெண்கள் பெயரால் அழைக்கப்படவில்லை, எண்ணாலும் எழுத்தாலுமே அழைக்கப்பட்டார்கள். அந்தப் பெண் தானே விரும்பி என்னிடம் வந்தாள் என்று குற்றவாளிகளில் ஒருவன் வாதாடினான். நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆயுதம் தாங்கியவர்களின் சிறையில் அடைபட்டவளுக்கு விருப்பம் என்று ஒன்று எங்கிருந்து வரும்? ஸாம்பியா நாட்டைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸ் மும்பா அம்மையார் தலைமையில் அமர்ந்த நீதிபதிகள் 2001 பிப்ரவரி 22 அன்று மூவருக்கு 28, 20, 12 ஆண்டுகள் எனச் சிறைத்தண்டனை விதித்தார்கள். சித்திரவதை, அடிமைப்படுத்தல் என்னும் பெயர்களால் அக்குற்றங்களை அழைத்தார்கள். அவள் கடைசிவரை எதிர்த்துப் போராடினாளா என்று கேட்பது சட்டப்படியும் பிழை, நடந்ததைப் பார்த்தால் அபத்தமும் ஆகும் என்ற கருத்தில் 2002 ஜூன் மாதம் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு உறுதியாயிற்று.

இதற்கு முன்னோடியான வழக்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை பற்றியது. அதில் நம் மொழியோடு தொடர்புடைய ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1941இல் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி நவநீதம் பிள்ளை. மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவரே பெண். முதலில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பெண்களுக்கு நடந்த கொடுமை சேர்க்கப்படவே இல்லை. 1997இல் கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த பெண்களை நீதிபதிகள் வினவியபோதுதான் அது வெளிவந்தது. அதன் பிறகே குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிப்பதற்கான ஆயுதமாகவே இக்கொடுமை கையாளப்பட்டது என்று கூறியது. கேட்பதற்கு ஒருவர் இருந்தார், ஆகவே சொல்ல முடிந்தது. கேட்பவர் இல்லாத எத்தனை சபைகளில் எத்தனை பெண்கள் கொலைகளைப் பற்றி மாத்திரம் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்!

ஆயுதம் என்ற சொல்லை நான் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். 2008 ஜூன் மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 1820ஆம் தீர்மானத்தில் இதை யுத்த தந்திரம் என்றே அழைத்தது. துப்பாக்கிக்கு மருந்து வேண்டும், பீரங்கிக்குக் குண்டு வேண்டும். இந்த ஆயுதத்துக்கு வேண்டிய மருந்து எது? பாதிக்கப்பட்டவர்களின் ஊர் வைத்திருக்கும் மானம் பற்றிய எண்ணமே! எதிரி ஒரு பெண்ணை மாத்திரம் தாக்குவதில்லை. அவள் கணவன் அவளை ஏற்கமாட்டான், தந்தை தலைகுனிவான், சகோதரிகளுக்கு மணமாகாது, வெட்கம் தாளாமல் அக்குடும்பமே ஊரைவிட்டுப் போய்விடும், மீண்டும் வராது என்று கணக்கிடுகிறான். அந்தக் கணக்கில் முதல் வரியை மாத்திரம் அவன் எழுதுகிறான். மீதியை எழுதி முடிப்பவர்கள் நாம். திண்ணைப் பேச்சாலும், திருமணத் தரகர் காதில் ஓதும் சொல்லாலும், என்னைப் போன்றவர்களின் பயான்களாலும் எழுதி முடிக்கிறோம்.

ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவித்தது அதே பாதுகாப்புச் சபைதான். ஆனால் காப்பதற்குப் போதிய படையை அது அனுப்பவில்லை. முஸ்லிம்கள் தாமே தற்காத்துக்கொள்ளவும் 1991 முதல் அமலில் இருந்த ஆயுதத் தடை தடையாயிருந்தது. பொட்டோச்சாரி என்னும் இடத்தில் ஐ.நா. சார்பில் நின்ற டச்சுப் படையினரின் கண்ணெதிரே ஆண்களை ஒருபுறமும் பெண்களை மறுபுறமும் பிரித்தார்கள். ஆண்களுக்கு மரணம், பெண்களுக்கு பஸ் பயணம். அந்தப் பெண்கள்தாம் பிற்பாடு எலும்புகளைத் தேடி எடுத்தவர்கள், வழக்குத் தொடுத்தவர்கள். 2019 ஜூலை 19 அன்று டச்சு உச்ச நீதிமன்றம், 350 ஆண்களின் மரணத்தில் தன் நாட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. பத்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று அந்தத் தாய்மார்கள் கேட்டிருப்பார்கள். வல்லரசுகளின் வெளிநாட்டுக் கொள்கையில் பெண்களின் கண்ணீருக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் சமயத்தைப் பொறுத்தது. 2001 நவம்பரில் ஆப்கான் பெண்களின் விடுதலையைச் சொல்லி அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி வானொலியில் யுத்தத்துக்கு ஆதரவு தேடினார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கட்டுரை பிறரைக் குறைகூறுவதிலேயே முடிந்துவிடும்.

ஏனெனில் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கியிருக்கிறது. உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனத்தின் கட்டளை. பொஸ்னியாவுக்காக நம் பள்ளிகளில் குனூத் ஓதினோம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்ததற்காக எத்தனை பள்ளிகளில் துஆ கேட்டோம்? அங்கே ஒன்பது மாத காலம் பெண்கள் இராணுவ முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, ஹிந்துக்களும் உண்டு. அடைத்துவைத்தவர்கள் கலிமாச் சொன்னவர்கள். எண்ணிக்கையைப் பற்றி இன்றுவரை வாதம் நடக்கிறது. நடக்கவே இல்லை என்று சொல்ல நியாயமுள்ள எவருக்கும் நா எழாது. பொஸ்னியாவில் முஸ்லிம் பெண் பாதிக்கப்பட்டதால் அது பாவம், டாக்காவில் முஸ்லிம் படையினர் செய்ததால் அது அரசியல் என்று ஆகிவிடுமா?

வங்காளதேசம் பிறந்ததும் அரசாங்கம் அப்பெண்களுக்கு 'பீராங்கனா', அதாவது வீராங்கனை, என்று பட்டம் சூட்டியது. நல்லெண்ணம்தான். ஆனால் ஊர் நாவு அதையும் விடவில்லை. ஓரெழுத்தை மாற்றி 'பாராங்கனா' என்று சொன்னார்கள். வங்காளியில் அது விலைமகளைக் குறிக்கும் சொல். மானப் பட்டமே அவமானப் பட்டமாயிற்று. பல குடும்பங்கள் அவர்களை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கோ தாய்நாட்டிலேயே இடமில்லாமல், வெளிநாட்டார் தத்தெடுக்க வழிசெய்யும் சட்டம் 1972இல் வந்தது. அந்த ஜூலையில் பதினைந்து பச்சிளங் குழந்தைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று சூரத்துல் அன்ஆமில் ஓதும் நாம், தொட்டிலில் கிடந்தவர்கள் தலையில் தகப்பனின் பாவத்தை ஏற்றினோம். அப்பெண்களைச் சுதந்திரப் போராட்ட வீரர்களாக வங்காளதேச அரசு அங்கீகரிக்க 2015 ஆயிற்று. அதற்குள் பலர் மௌத்தாகிவிட்டிருந்தார்கள்.

இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. 2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் மலைப்பகுதியில், இஸ்லாமிய அரசு என்று பெயர் சூட்டிக்கொண்ட கூட்டத்தார் யஸீதி இனப் பெண்களைப் பிடித்துச் சந்தையில் விற்றார்கள். ஃபோச்சாவில் அதைச் செய்தவன் சட்டத்தை மீறுகிறோம் என்றாவது அறிந்திருப்பான். இவர்களோ ஃபிக்ஹு நூல்களின் அத்தியாயத்தைக் காட்டிச் செய்தார்கள், அதைத் தம் பத்திரிகையில் பெருமையாகவும் எழுதிக்கொண்டார்கள். நானும் அந்த அத்தியாயங்களை ஓதியவன். அதனால்தான் இந்த இடத்தில் பேனா தயங்குகிறது. உலகெங்கும் எல்லாச் சமூகங்களிலும் அடிமைமுறை இருந்த காலத்தில் எழுந்த சட்டங்கள் அவை. அடிமையை விடுதலை செய்வதையே கணவாய் ஏறுவதற்கு ஒப்பிட்டுச் சூரத்துல் பலத் போற்றுகிறது. போர்க் கைதிகளை உபகாரமாகவோ ஈட்டுத்தொகை பெற்றோ விட்டுவிடும் வழியைச் சூரத்து முஹம்மத் சொல்கிறது. பிற்காலத்தில் முஸ்லிம் நாடுகளும் அடிமைமுறையை ஒழிக்கும் உடன்படிக்கைகளில் சேர்ந்தன, உடன்படிக்கையை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. 2014 செப்டம்பரில் 126 ஆலிம்கள் கையொப்பமிட்டு அக்கூட்டத்தின் தலைவனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், அடிமைமுறையை மீண்டும் கொண்டுவருவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது, அதன் ஒழிப்பில் உம்மத்தின் ஒருமித்த முடிவு இருக்கிறது என்று தெளிவாக்கினார்கள். கடிதம் வந்தது நன்று. நம் மத்ரஸா வகுப்பறைகளில் அந்த அத்தியாயத்தை நடத்தும்போது இந்த விளக்கத்தையும் சேர்த்து நடத்துகிறோமா என்பதுதான் என் கேள்வி. கிதாபு தெரிந்திருப்பது ஒருவனைப் பாவத்திலிருந்து காத்துவிடாது என்பதை அவர்கள் நமக்குக் காட்டிவிட்டுப் போனார்கள்.

யஸீதிகளின் மூத்த மதத்தலைவர், மீண்டு வந்த பெண்களைத் தள்ளிவைக்கக் கூடாது என்று அறிவித்தார். லாலிஷ் என்னும் அவர்களின் புனிதத் தலத்து ஊற்று நீரால் அப்பெண்களை வரவேற்றார்கள். பிறசமூகத்தார் செய்த நல்ல காரியத்தை மெச்சுவதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. ஆனால் அப்பெண்களின் குழந்தைகள் விஷயத்தில் அவர்களாலும் வாசலைத் திறக்க இயலவில்லை. குழந்தைகள் வரும்போது எல்லா ஊர்களும் ஒரே ஊராகிவிடுகின்றன. பொஸ்னியாவிலும் அப்பெண்கள் போரில் பாதிக்கப்பட்டவர்களாகச் சட்டத்தில் இடம்பெற 2006 வரையும், அவர்களுடைய குழந்தைகள் சட்டத்தின் எந்தப் பக்கத்திலாவது இடம்பெற 2022 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "மானம் போகவில்லை என்று பொதுவில் சொல்லத் தொடங்கினால் வெட்கம் என்பதே ஊரில் தளர்ந்துவிடாதா, ஹஜ்ரத்? கைரத் இல்லாதவன் ஆண்மகனா?" கைரத், அதாவது ரோஷம், ஈமானின் பகுதி என்பதை நான் மறுக்கவில்லை. குடும்பத்தைக் காக்கும் முயற்சியில் உயிர்விட்டவன் ஷஹீது என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அந்த ரோஷம் யார் மீது பாய வேண்டும்? ஹிஜ்ரி 543இல் வஃபாத்தான ஸ்பெயின் நாட்டு காஜி அபூபக்கர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்கள் தம் அஹ்காமுல் குர்ஆனில் தாம் விசாரித்த ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறார்கள். வழிப்பறிக் கூட்டம் ஒன்று பயணிகளிடமிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்றது. பொருளைக் கொள்ளையடித்தால்தான் 'ஹிராபா' என்னும் பெருங்குற்றம், பெண் விஷயம் அதில் சேராது என்று சில முஃப்திகள் ஃபத்வா கொடுத்தார்கள். காஜி அவர்கள் கொதித்துப்போனார்கள். மனைவியையும் மகளையும் இழப்பதைவிடத் தன் செல்வம் முழுவதும் கண்ணெதிரே பறிபோவதை எவனும் மேலென்று கருதுவானே, அப்படியிருக்க இது பெரிய ஹிராபா அல்லாமல் வேறென்ன என்ற கருத்தில் எழுதுகிறார்கள். இதுவும் ரோஷம்தான். கொடியவனுக்கு ஷரீஅத்தின் மிகக் கடினமான தண்டனையைத் தேடிப்போன ரோஷம் இது. வீட்டுக்குள் இருப்பவளைத் தேடிப்போகும் ரோஷத்துக்குக் கோழைத்தனம் என்று பெயர், ஏனெனில் அவள் திருப்பி அடிக்க மாட்டாள்.

வெட்கத்தைப் பற்றியும் பெரியவரிடம் ஒன்று சொன்னேன். ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் பின்தங்கிய ஆயிஷா (ரலி) அன்னையைப் பற்றி மதீனாவில் ஒரு மாத காலம் நாவுகள் ஆடின. இறங்கிய வசனங்கள் அன்னையைத் தூய்மைப்படுத்தியதோடு நிற்கவில்லை. கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று ஊரைக் கண்டித்தன. வெட்கப்படவேண்டியவர்கள் யார் என்பதை அல்லாஹு தஆலாவே பிரித்துக் காட்டிவிட்டான். பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "சரி, பள்ளியில் சொல்லுங்கள். ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த ஜும்ஆவில் சொன்னேன். சென்ற வாரம் நான் பயன்படுத்திய சொல் பிழை, அந்தச் சகோதரிகள் எதையும் இழக்கவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது உண்டு, பறித்தவனே மானமிழந்தவன் என்று சொல்லி, அபூதாவூதின் அந்த ஹதீஸை ஓதினேன். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஓரிருவர் முகம் சுளித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு வாலிபர் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். அவருக்கு இதில் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. எண்பது வயதில் அந்த மூதாட்டி ஏன் அக்கேள்வியைக் கேட்டார் என்பதையும் நான் இன்றுவரை விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன்.

திரும்பும்போது அவர் வீட்டுத் திண்ணை காலியாக இருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே லுஹர் தொழுதுகொண்டிருந்திருப்பார். மைக்குச் சத்தம் அதுவரை கேட்கும்.